சின்ன போனில் ஏன் சார்ஜ் நிற்பதில்லை?

என் அக்கா மகள் ஒரு நாள் சாயங்காலம் வடபழனி மெட்ரோ ஸ்டேஷனை விட்டு வெளியே வர முடியாமல் நின்றாள். டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் எடுத்திருந்தாள். வெளியே போகும் கேட்டில் கியூஆர் கோடைக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் போன் அணைந்துவிட்டது. காலை ஏழரை மணிக்கு முழு சார்ஜோடு வீட்டை விட்டுக் கிளம்பிய போன் அது. பின்னால் வந்த ஒரு அம்மா தன் பவர் பேங்கைக் கொடுத்து, இவள் போனுக்கு உயிர் வரும்வரை கூடவே நின்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்தாள். அவளுடையது சின்ன போன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். போன வருடம் செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடித்து, ஆசைப்பட்டு வாங்கினாள். அவளுக்குக் கை சின்னது. தாம்பரம் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மெசேஜ் அடிக்க வேண்டும். பெரிய போன் என்றால் கட்டை விரல் எட்டாது, கை வழுக்கும். அதனால்தான் அதை வாங்கினாள்.

"மாமா, சின்ன ஸ்க்ரீன்தானே? கரன்ட் கம்மியாத்தானே இழுக்கணும்? அப்ப பெரிய போனைவிட இதுலதான சார்ஜ் ரொம்ப நேரம் நிக்கணும்?"

மிக நல்ல கேள்வி. கேட்டால் சரியாகத்தான் தோன்றும், பாதி உண்மையும் அதில் இருக்கிறது. மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த போனைக் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கலாம். அன்றிரவு அவளுக்குச் சொன்னதையும், அதன்பிறகு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சர்வீஸ் கடையில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எம்ஏஎச் என்ற எண். போன் பெட்டியின் மேல் 5000 எம்ஏஎச் என்று போட்டிருப்பார்கள். மில்லிஆம்பியர் மணி என்பதன் சுருக்கம் அது. 5000 மில்லிஆம்பியர் கரன்டை ஒரு மணி நேரம் தரலாம், அல்லது 500 மில்லிஆம்பியரைப் பத்து மணி நேரம் தரலாம் என்று பொருள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு மாதிரி. குழாயைச் சன்னமாகத் திறந்தால் நாள் முழுக்க வரும், முழுசாகத் திறந்துவிட்டால் காலையிலேயே காலி.

ஆனால் தொட்டி எவ்வளவு பெரியது என்பது மட்டும் போதாது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும். அந்த உயரம்தான் வோல்ட்டேஜ். போன் பேட்டரிகள் பெரும்பாலும் சராசரியாக 3.85 வோல்ட் அளவில் வேலை செய்கின்றன. 5000 எம்ஏஎச் என்பது 5 ஆம்பியர் மணி. அதை 3.85ஆல் பெருக்கினால் 19.25 வாட் மணி வரும். பேட்டரிக்குள் உண்மையில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைச் சொல்வது இந்த வாட் மணிதான். ஈபி பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. சார்ஜரில் வீணாவதைக் கழித்தாலும், ஒரு யூனிட் மின்சாரத்தில் ஒரு பெரிய போனை 40 முறை முழுதாக சார்ஜ் போட்டுவிடலாம். போனுக்குச் செலவாகும் கரன்ட் அவ்வளவு சொற்பம். கரன்ட்டுக்குப் பஞ்சமில்லை, அதை வைத்துக்கொள்ள இடம்தான் பஞ்சம்.

சரி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வருவோம். செட்டிங்கில் பார்த்தபோது பேட்டரி ஹெல்த், அதாவது புதிதில் தாங்கிய சார்ஜில் இப்போது தாங்கும் அளவு, 81 சதவீதம் என்று காட்டியது. மாற்றிப் பார்க்கலாமே என்று போனைக் கொண்டுபோனேன். ஆறடி அகலக் கடை. கடைக்காரத் தம்பி போனைச் சூடான தட்டின் மேல் கொஞ்ச நேரம் வைத்தார். விளிம்பில் இருக்கும் பசை இளகியதும் ரப்பர் உறிஞ்சியால் ஸ்க்ரீனை மெதுவாகத் தூக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே விட்டு ஓரமாக ஓட்டினார். புத்தகத்தைத் திறப்பதுபோல் திறந்தது.

உள்ளே முதலில் கண்ணில் பட்டது கறுப்பாக ஒரு செவ்வகம். அதுதான் பேட்டரி. அதன் ஒரு பக்கம் நீளமாக சர்க்யூட் போர்டு. மேல் மூலையில் இரண்டு கேமரா, அடியில் சார்ஜிங் போர்ட், அதற்கு ஒரு பக்கம் ஸ்பீக்கர், இன்னொரு பக்கம் அதிர்வு தரும் சின்ன மோட்டார், ஓரத்தில் சிம் டிரே. சுண்டு விரல் நகத்தை நுழைக்கக்கூட எங்கும் இடைவெளி இல்லை. பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டையை இழுத்து, அதை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மேரி பிஸ்கட் தடிமன்கூட இல்லை.

"இவ்ளோதான் அண்ணா. மாத்தினா கொஞ்சம் கூடும். ஆனா பெருசா எதிர்பார்க்காதீங்க. இந்தச் செட்டுல வெக்கிறதுக்கு இடம் இவ்ளோதான்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. பெரிய போனுக்கும் சின்ன போனுக்கும் உள்ளே வேண்டிய சாமான்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நானோ சிம் எல்லா போனுக்கும் ஒரே அளவு: 12.3 மி.மீ. நீளம், 8.8 மி.மீ. அகலம். டைப்-சி போர்ட்டும் உலகம் முழுக்க ஒரே அளவு. கேமராவின் பருமனை முடிவு செய்வது அதன் சென்சாரும் லென்ஸும்தான். போன் சின்னது என்பதற்காக லென்ஸ் சுருங்காது, சுருக்கினால் படம் கெடும். புராசசர், மெமரி, டவரோடு பேசும் சிப் எல்லாம் அப்படியே.

சென்னையில் போர்ஷன் வீட்டில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆயிரம் சதுர அடி வீட்டிலும் ஒரு அடுப்படி, ஒரு பாத்ரூம். நானூறு சதுர அடி வீட்டிலும் ஒரு அடுப்படி, ஒரு பாத்ரூம். வீடு பாதியானதால் அடுப்படியைப் பாதியாக்க முடியாது, ஆள் நின்று சமைக்க வேண்டாமா? குறைகிற அடி அத்தனையும் கூடத்திலிருந்துதான் போகும். போனுக்குள் பேட்டரிதான் அந்தக் கூடம். எல்லோரும் உட்கார்ந்தபிறகு மிஞ்சுகிற இடம் அதற்கு.

இதை எண்களில் காட்ட 2020இல் வந்த இரண்டு ஐபோன்கள் வசதியானவை. ஐபோன் 12 மினி, ஐபோன் 12 புரோ மேக்ஸ். இரண்டிலும் ஒரே புராசசர், இரண்டும் 7.4 மி.மீ. தடிமன். நீள அகலத்தில்தான் வித்தியாசம். மினி 131.5க்கு 64.2 மி.மீ., மேக்ஸ் 160.8க்கு 78.1 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் மேக்ஸின் உடல் மினியைவிட சுமார் 49 சதவீதம் பெரியது. பேட்டரியோ 2227 எம்ஏஎச்சிலிருந்து 3687 எம்ஏஎச்சுக்குப் போகிறது, அதாவது 66 சதவீதம் அதிகம். மேக்ஸில் கூடுதலாக ஒரு கேமரா வைத்தும், உடல் வளர்ந்ததைவிடப் பேட்டரி அதிகம் வளர்ந்திருக்கிறது. காரணம் அந்த அடுப்படிக் கணக்குதான்.

இப்போது என் அக்கா மகளின் கேள்விக்குத் திரும்புவோம். பேட்டரி 66 சதவீதம் அதிகம். மேக்ஸின் திரைப் பரப்பும் மினியைப்போல் ஒன்றரை மடங்கு. போனில் திரை மட்டுமே கரன்ட் இழுப்பதாக இருந்தால், இந்த இரண்டும் கிட்டத்தட்ட கழிந்து போய்விடும். பெரிய போனுக்குப் பத்து சதவீதம் கூடுதல் நேரம் கிடைத்தாலே அதிகம். திரை கரன்ட்டே இழுப்பதில்லை என்று வைத்துக்கொண்டால், முழு 66 சதவீதமும் கூடுதல் நேரமாகக் கிடைக்க வேண்டும். ஆப்பிள் வெளியிட்ட கணக்கில் வீடியோ ஓடும் நேரம் மினிக்கு 15 மணி வரை, மேக்ஸுக்கு 20 மணி வரை. 33 சதவீதம் அதிகம். இரண்டுக்கும் நடுவில். சின்னத் திரை குறைவாக இழுக்கிறது என்று அவள் நினைத்தது உண்மைதான். ஆனால் திரையைத் தவிர மற்ற எல்லாம் சின்ன போனிலும் அதே பசியோடு உட்கார்ந்திருக்கின்றன. தொட்டி சின்னதாகிவிட்டது, குழாய்களில் ஒன்றுதான் சன்னமானது.

அந்த மற்ற குழாய்கள் எவை என்று பார்ப்பது முக்கியம், ஏனென்றால் மெட்ரோவில் அவளைக் கவிழ்த்தது அவைதான்.

திரைக்கு அடுத்தபடியாகத் தின்பது டவரோடு பேசும் மோடம். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெல்லப் பேசினாலே போதும். சிக்னல் ஒரு புள்ளிக்கு இறங்கிவிட்டால் போன் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு விலையைச் சொல்லிப் பாருங்கள், தொண்டை என்ன ஆகிறது என்று தெரியும். அக்கா மகள் வேலை செய்வது ஒரு கட்டடத்தின் தரைக்குக் கீழே உள்ள தளத்தில். அங்கே டவர் வந்து வந்து போகும். போன் பைக்குள் சும்மா இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த எட்டு மணி நேரமும் அது டவரைத் தேடிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. போகும் வழியில் ரயில் ஒவ்வொரு டவராகக் கைமாற்றிக்கொண்டே போவதும் செலவுதான். சின்ன போனில் இந்தச் செலவு ஒரு பைசாகூடக் குறையாது.

ஜிபிஎஸ், கேமரா, புராசசர் ஆகியவற்றுக்கும் இதே கதை. வீடியோ கால் பேசினால் கேமரா, மைக், மோடம், திரை நான்கும் ஒன்றாக ஓடும். போன் சுடுவது அதனால்தான். சூடு என்பது வீணான கரன்ட்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மத்தியான நேரத்தில் சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிகளின் வண்டியைப் பாருங்கள். ஹேண்டில்பாரில் போன். நேர் வெயிலில் தெரிய வேண்டும் என்பதால் திரை முழு வெளிச்சத்தில். மேப் ஓடுகிறது, ஜிபிஎஸ் ஓடுகிறது, டேட்டா ஓடுகிறது, நடுவில் அழைப்புகள். மேலே வெயில், கீழே எஞ்சின் சூடு. அசோக் நகரில் ஒரு வேப்ப மர நிழலில் ஒரு தம்பியைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தியதும் முதலில் செய்த வேலை, போனைக் கழற்றி ஈரத் துணி சுற்றிய தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்ததுதான். "சூடானா ஸ்க்ரீன் தானா மங்கிடும் சார், அட்ரஸ் தெரியாது. சார்ஜும் ஏறாது" என்றார். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் வேலை அது. அவருக்கு நான் சின்ன போனைப் பரிந்துரைக்கவே மாட்டேன். அவருடைய அன்றைய சம்பளம் அந்தப் பேட்டரியில் இருக்கிறது.

பழைய ஆட்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள்: நோக்கியா செட் ஒரு வாரம் நின்றதே? உண்மை. நோக்கியா 1100இன் பேட்டரி வெறும் 850 எம்ஏஎச். இன்றைய போனில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் அதன் திரை 96க்கு 65 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, பெரும்பாலான நேரம் விளக்கும் அணைந்திருக்கும். இன்டர்நெட் கிடையாது, பின்னணியில் எதுவும் ஓடாது. பேசினால் செலவு, பேசாவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கி 2014இல் மூடப்பட்டது. அதே வளாகத்தில் இப்போது சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் செய்கிறது. அடிக்கடி சார்ஜ் தேவைப்படாத போன் தயாரான இடத்தில் சார்ஜர் தயாராகிறது என்பதை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அளவைப் பற்றிப் பேசும்போது அங்குலம் என்ற எண் நம்மை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 6.1, 6.7 என்று சொல்வது மூலைக்கு மூலை அளந்த நீளம். 6.1க்கும் 6.7க்கும் வித்தியாசம் பத்து சதவீதம்தான் என்று தோன்றும். ஒரே வடிவத் திரை என்றால் பரப்பில் அது இருபது சதவீதத்துக்கும் மேல். பரப்புதான் கரன்ட் இழுப்பது, பரப்புதான் பின்னால் பேட்டரிக்கு இடம் தருவது. இன்னொன்று, கைக்கு அடக்கமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அகலம். பழைய 5.5 அங்குலத் திரைகள் சற்று அகலமானவை. இன்றைய நீளவாக்குத் திரையில் 6.1 அங்குலம் அதைவிட 3 மி.மீ.க்கு மேல் ஒடுக்கமாகவே இருக்கும். அதனால் பெட்டியில் போட்டிருக்கும் அங்குலத்தைவிட, விவரப் பட்டியலில் உள்ள அகலத்தைப் பார்ப்பது நல்லது. 70 மி.மீ.க்குப் பக்கத்தில் இருந்தால் பலருக்கும் ஒரு கைக்கு ஒத்துவரும். 76, 78 என்று போனால் இரண்டு கை வேண்டும்.

தடிமனைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். 2025இல் சாம்சங் எஸ்25 எட்ஜ் என்ற ஒல்லி போனைக் கொண்டுவந்தது. 5.8 மி.மீ. தடிமன், 163 கிராம், 3900 எம்ஏஎச். அதே ஆண்டு அதே நிறுவனத்தின் எஸ்25 பிளஸ், அதே 6.7 அங்குலத் திரை, 7.3 மி.மீ., 190 கிராம், 4900 எம்ஏஎச். நீள அகலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 1.5 மி.மீ. ஒல்லியானதற்கு ஆயிரம் எம்ஏஎச் போய்விட்டது. 1.5 மி.மீ. என்பது இரண்டு ஏடிஎம் கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தடிமன். அப்படி ஒல்லியாக வாங்கிய போனுக்கு நாம் முதல் நாளே அதைவிடத் தடிமனான பேக் கவர் போடுகிறோம். கையில் லேசாக இருப்பது ஒரு சுகம்தான், அதை மறுக்கவில்லை. 27 கிராம் குறைவதை மணிக்கட்டு உணரும். ஆனால் சின்ன போன் வாங்குபவர் கைக்கு அடக்கத்தைப் பெறுகிறார். ஒல்லிப் பெரிய போன் வாங்குபவருக்கு அகலம் அப்படியே இருக்க, பேட்டரி மட்டும் குறைகிறது. இந்தப் பேரம் எனக்குச் சரியாகப் படவில்லை.

இத்தனை வருடமும் கதை இப்படித்தான் இருந்தது: பேட்டரி வேண்டுமா, பெரிய போன் வாங்கு. கடந்த சில ஆண்டுகளில்தான் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது.

லித்தியம் அயான் பேட்டரியை 1991இல் சோனி முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்தப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போய் கிராஃபைட் அடுக்குகளுக்குள் உட்காரும். போனைப் பயன்படுத்தும்போது அங்கிருந்து திரும்பி வரும். கிராஃபைட்டில் ஆறு கார்பன் அணு சேர்ந்து ஒரே ஒரு லித்தியத்துக்கு இடம் தருகின்றன. சிலிக்கான் அப்படி இல்லை, ஒரு சிலிக்கான் அணு மூன்று நான்கு லித்தியத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளும். எடைக்கு எடை பார்த்தால் கிராஃபைட்டைப்போல் பத்து மடங்கு அளவுக்குத் தாங்கும்.

பின் ஏன் இத்தனை நாள் பயன்படுத்தவில்லை? அத்தனை லித்தியத்தையும் விழுங்கினால் சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேல் உப்பிவிடும். வெளியே விட்டால் சுருங்கும். இப்படி நூறு முறை உப்பிச் சுருங்கினால் பொடிப்பொடியாகிவிடும். அதனால் நுண்ணிய சிலிக்கானைக் கார்பனோடு பிணைத்து, உப்புவதற்கு உள்ளேயே இடம் விட்டுச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். சிலிக்கான் கார்பன் பேட்டரி என்று விளம்பரங்களில் வருவது இதுதான். 2023இல் ஹானர் இதைச் சீனாவில் போனுக்குள் கொண்டுவந்தது. 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஒன்பிளஸ் 13எஸ் 6.32 அங்குலத் திரையில் 5850 எம்ஏஎச் வைத்திருக்கிறது, எடை 185 கிராம். விவோ எக்ஸ்200 எஃப்இ 6.31 அங்குலத்தில் 6500 எம்ஏஎச், 186 கிராம். அதே ஆண்டின் சாம்சங் எஸ்25 6.2 அங்குலத்தில் 4000 எம்ஏஎச், 162 கிராம். 24 கிராம் கூடுதல் எடைக்கு 2500 எம்ஏஎச். கூடத்தின் அளவு அதிகம் மாறவில்லை, அதில் உட்காரும் ஆட்கள் நெருக்கி உட்காரக் கற்றுக்கொண்டார்கள்.

உலகம் முழுக்க விற்கும் பல மாடல்கள் 5000 பக்கமே நின்றிருந்ததற்கு ஒரு சரக்கு விதியும் காரணம். விமானத்திலும் கப்பலிலும் அனுப்பும்போது ஒரு தனி பேட்டரி செல்லில் 20 வாட் மணிக்கு மேல் போனால் கெடுபிடி அதிகம். 20ஐ 3.85ஆல் வகுத்தால் 5200 எம்ஏஎச்சுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்.

சென்னைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: சூடும் வயதும். பேட்டரியின் உள்ளே நடப்பது வேதி வினை, சூட்டில் எல்லா வேதி வினையும் வேகமாகும். வேண்டாத வினைகளும்தான். அவை லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறைப்பிடித்துவிடும், பிறகு அது சார்ஜுக்கு உதவாது. ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் சொல்கிறது. நம் கத்தரி வெயிலில் நிழலே 40ஐத் தொடும். 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. மே மாத மத்தியானம் காருக்குள் டேஷ்போர்டில் முழு சார்ஜோடு போனை விட்டுப்போவதுதான் பேட்டரிக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் இரட்டை அடி. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதும் அப்படித்தான். போனின் பின்பக்கம் வயிறு தள்ளினாற்போலவோ, ஸ்க்ரீன் ஓரம் தூக்கினாற்போலவோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாமல் அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.

சின்ன பேட்டரி சீக்கிரம் கிழடாவதும் கணக்கில் தெரியும். பேட்டரியின் ஆயுளை சுழற்சியில் சொல்வார்கள். முழுப் பேட்டரி அளவுக்குச் செலவழித்தால் ஒரு சுழற்சி. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை, 15இலிருந்து அது 1000. சின்ன போனில் இருப்பது 8.5 வாட் மணி, ஒரு நாள் செலவும் அவ்வளவு என்றால் தினம் ஒரு சுழற்சி. ஒன்றரை வருடத்துக்குள் 500 முடிந்துவிடும். 19 வாட் மணி பேட்டரி உள்ள பெரிய போனில் திரைக்காகக் கொஞ்சம் கூட்டி ஒரு நாளைக்கு 10 வாட் மணி செலவானாலும், அது தினம் அரைச் சுழற்சிதான். அதே 500ஐத் தொட இரண்டரை வருடம் ஆகும். சின்ன போன்காரர் முதல் நாளிலும் குறைவாகப் பெறுகிறார், இரண்டாம் வருடத்தில் இன்னும் வேகமாக இழக்கிறார். அதனால் சின்ன போன் வாங்கினால் பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி பல போன்களில் உண்டு, ஆனால் சின்ன போனில் அந்த 20 சதவீதத்தை விட்டுக்கொடுக்க மனசு வராது. அதுவும் புரிகிறது.

பவர் பேங்க் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 200 கிராம் பக்கம் எடை. 135 கிராம் சின்ன போனோடு அதையும் சேர்த்தால் எந்தப் பெரிய போனையும்விடக் கனம். அப்புறம், அது 5000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பாது. உள்ளே 3.7 வோல்ட்டில் இருப்பதை 5 வோல்ட்டுக்கு ஏற்றி, போன் அதை மறுபடி இறக்கி, வழியில் சூடாகப் போனது போக, ஒன்றரை முறை நிரப்பினால் நல்ல பவர் பேங்க். விரைவு சார்ஜ் உள்ள போன் இதைவிட நல்ல துணை. குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பும் நேரத்தில் பாதிக்கு மேல் ஏறிவிடும். மேசை வேலை செய்பவருக்குச் சின்ன போனின் குறையை அது பெருமளவு தீர்த்துவிடும். வெளியே சுற்றுபவருக்குத் தீர்க்காது.

அக்கா மகள் கடைசியில் புது போன் வாங்கத் தீர்மானித்தாள். தி.நகர் கடையில் டம்மி செட் கேட்டோம். நான் சொன்னபடி இடது கையால் கடையின் தூணை ரயில் கம்பி மாதிரிப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் போன். கட்டை விரல் மேல் இடது மூலையைத் தொடுகிறதா, தொடும்போது போன் உள்ளங்கையை விட்டு நழுவுகிறதா என்று பார்த்தாள். 6.8 அங்குலத்தில் நழுவியது. 6.3இல் மூலை எட்டவில்லை, ஆனால் கை பிடியை விடவில்லை. "இது ஓகே மாமா" என்றாள். சிலிக்கான் கார்பன் பேட்டரி உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். இப்போது ராத்திரி வீட்டுக்கு வரும்போது நாற்பது சதவீதம் மிச்சம் இருக்கிறது, டவர் கிடைக்காத அதே தரைக்கீழ்த் தளத்தில்தான் வேலை.

பழைய சின்ன போனை, ரிச்சி ஸ்ட்ரீட் தம்பி போட்ட புது பேட்டரியோடு, அக்கா எடுத்துக்கொண்டாள். அவள் நாள் முழுக்க வீட்டில், வைஃபையில் இருப்பவள். காலையில் பஞ்சாங்கம் பார்ப்பாள், மத்தியானம் தங்கையோடு அரை மணி நேரம் பேச்சு, சாயங்காலம் கோலம் போட்டதும் ஒரு போட்டோ. அவளுக்கு அதே போன் ஒன்றரை நாள் நிற்கிறது.